நாஸில் ஓடும் மெயில் சர்வருக்கு பேக்கப்: முதல் முறை செய்பவர்களுக்கு

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஒரு போன். நான் பார்த்துக்கொள்ளும் சிறிய அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து. "சார், ஜிஎஸ்டி ஃபோல்டரக் காணோம். சனிக்கிழமை போன்ல ஏதோ கை பட்டுச்சு, அப்புறம் நான் பாக்கவே இல்ல."

மூன்று வருடக் கடிதங்கள் இருந்த ஃபோல்டர். அந்த அலுவலகத்தின் மெயில் சர்வர் ஒரு நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டியில், ஓடுகிறது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்; ஒன்று போனாலும் மற்றது தாங்கும்படி ரெய்டு போட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் இரண்டு டிஸ்க்கும் நல்ல ஆரோக்கியமாக இருந்தன. போனில் கை பட்டு அழிந்ததை இரண்டும் சேர்ந்து, கொஞ்சமும் பிசகாமல் அழித்து வைத்திருந்தன. ரெய்டின் வேலையே அதுதான்: ஒரு டிஸ்க்கில் நடப்பதை இன்னொன்றிலும் நடத்துவது. டிஸ்க் செத்தால் காப்பாற்றும், மனிதர் கை தவறினால் காப்பாற்றாது.

ஜிமெயிலுக்கே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2011 பிப்ரவரி கடைசியில் சேமிப்பு மென்பொருளில் வந்த பிழையால் சிலருடைய மெயில்பெட்டி காலியாகத் தெரிந்தது. பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேர் என்று கூகுள் சொன்னது. பல இடங்களில் பிரதி இருந்தும் பிழை பிரதிகளையும் தொட்டுவிட்டதால், கடைசியில் டேப்பிலிருந்து எடுத்துத்தான் திருப்பித் தந்தார்கள். அந்த டேப் ஓடிக்கொண்டிருந்த சர்வரோடு ஒட்டாமல் தனியாகக் கிடந்ததால் தப்பியது.

நமக்கும் வேண்டியது அப்படித் தனியாகக் கிடக்கும் ஒரு பிரதிதான். நான் சினாலஜி நாஸையும் அதில் ஓடும் மெயில்பிளஸ் சர்வரையும் வைத்துச் சொல்கிறேன். வேறு நிறுவனத்துப் பெட்டி என்றால் பட்டன்களின் பெயர் மாறும், யோசனை மாறாது.

எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்

புதிதாக வருபவர்கள் மெயில் இருக்கும் ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். நானும் அப்படித் தூங்கியவன்தான்.

மெயில்பிளஸ் சர்வருக்குள் மெயிலை அனுப்பி வாங்கும் வேலையைப் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியில் அடுக்கி நமக்குக் காட்டும் வேலையை டவ்காட்டும் செய்கின்றன. இரண்டுமே பல வருடமாக உலகம் முழுக்க ஓடும் திறமூல மென்பொருள்கள். மெயில்கள் 'மெயில்பிளஸ்' என்ற பகிர்வு ஃபோல்டரில், மெயில்டிர் என்ற முறையில் கிடக்கின்றன. ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், அவ்வளவுதான். அந்த மெயிலைப் படித்தாகிவிட்டதா, பதில் போட்டாயிற்றா என்பதெல்லாம் ஃபைலின் பெயரிலேயே, ஒரு முக்காற்புள்ளிக்குப் பின்னால் எழுதியிருக்கும்.

இந்த முக்காற்புள்ளியில்தான் முதல் கண்ணி இருக்கிறது. விண்டோஸில் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி வரக்கூடாது. விண்டோஸ் முறையில் ஃபார்மேட் செய்த யூஎஸ்பி டிஸ்க்கை மாட்டி, மெயில் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் பாதிப் ஃபைல்கள் பெயர் மாறும், இல்லை ஏறவே ஏறாது. திரும்ப எடுத்து வைக்கும்போது ஐந்து வருட மெயிலும் 'படிக்காதவை' என்று தடித்த எழுத்தில் வந்து நிற்கும். அதனால் கையால் இழுத்துப் போடும் முறை வேண்டாம். பேக்கப் மென்பொருள் இந்தப் பெயர்களையெல்லாம் தன் சொந்தப் பெட்டகத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

மெயிலைத் தவிர, பயனர் கணக்குகள் வேண்டும். அவை மெயில்பிளஸுக்குள் இல்லை, நாஸின் அமைப்புகளில் இருக்கின்றன. கணக்கு இல்லாத மெயில்பெட்டி ஆள் இல்லாத வீடு. பிறகு சர்வரின் அமைப்புகள்: டொமைன், மாற்றுப் பெயர்கள், குழு முகவரிகள், ஸ்பேம் விதிகள், மெயிலில் கையெழுத்திட உதவும் டிகிம் சாவி. மெயில்பிளஸ் என்ற பெயரிலேயே உலாவியில் மெயில் படிக்கும் பேக்கேஜ் (நாஸில் நிறுவும் மென்பொருள்) ஒன்று தனியாக இருக்கிறது. காலண்டரும் காண்டாக்ட்ஸும்கூடத் தனித்தனி பேக்கேஜ்கள். இவற்றையும் மறக்க வேண்டாம்.

எவ்வளவு இடம், எவ்வளவு நேரம்

பன்னிரண்டு பேர், ஆளுக்குச் சராசரியாக 15 ஜிபி என்றால் 180 ஜிபி. இதை வினாடிக்கு 50 மெகாபிட் அப்லோடு வேகத்தில் வெளியே அனுப்பினால் கணக்குப்படி 8 மணி நேரம். 10 மெகாபிட் என்றால் 40 மணி நேரம். நடைமுறையில் இன்னும் கூடும், ஏனென்றால் மெயில்டிர் என்பது லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள். பெரிய ஃபைல் ஒன்றைவிடக் குட்டி ஃபைல்கள் எப்போதுமே மெதுவாகத்தான் போகும்.

பயப்பட வேண்டாம், இது முதல் தடவைக்கு மட்டும். அடுத்த நாளிலிருந்து மாறிய பகுதி மட்டுமே போகும். முதல் பேக்கப்பை வெள்ளி இரவில் தொடங்கினால் திங்கள் காலைக்குள் முடிந்திருக்கும். டிஸ்க் வாங்கும்போது இப்போதைய அளவைப்போல் இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்புகளும் அதிலேயே தங்கும். இணைப்புகளோடு வரும் மெயில் மூல ஃபைலைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் இருக்கும். 9 எம்பி பிடிஎஃப் மெயிலில் ஏறும்போது 12 எம்பி ஆகிவிடுகிறது.

எங்கே வைப்பது

அலுவலகத்திலேயே ஒன்று, அலுவலகத்துக்கு வெளியே ஒன்று. இதற்குக் குறைந்து போகாதீர்கள்.

உள்ளே இருப்பதற்கு யூஎஸ்பி டிஸ்க் போதும். ஆனால் ஒன்றை மாட்டி அப்படியே விட்டுவிடாமல் இரண்டு வாங்குங்கள். ஒன்று நாஸில், இன்னொன்று பீரோவில் அல்லது முதலாளி வீட்டில். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். காரணம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் சைனோலாக்கர் என்ற பணயத் தீநிரல் சினாலஜி நாஸ்களுக்குள் புகுந்தது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் கியூநாப் நாஸ்களில் இருந்த ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. நாஸைக் கைப்பற்றியவனுக்கு அதில் மாட்டியிருக்கும் யூஎஸ்பி டிஸ்க்கும் கைக்கு எட்டும். பீரோவில் இருக்கும் டிஸ்க் எட்டாது.

வெளியே இருப்பதற்கு இரண்டு வழி. இன்னொரு கிளையிலோ வீட்டிலோ இரண்டாவது சினாலஜி நாஸ் வைத்து, அதில் பேக்கப்பை வாங்கி வைக்கும் ஹைப்பர் பேக்கப் வால்ட் என்ற பேக்கேஜை நிறுவி அனுப்பலாம். இல்லையென்றால் அமேசான் எஸ்3 வகை கிளவுடிலோ சினாலஜியின் சொந்த சி2 சேவையிலோ இடம் வாங்கலாம். இரண்டாவது நாஸ் என்றால் பேக்கப் உள்ளே போகும் கதவான 6281ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடாமல், விபிஎன் என்ற பூட்டிய தனிப் பாதை வழியாகக் கொண்டுபோங்கள். அங்கே பேக்கப்புக்கென்றே ஒரு பயனரை உருவாக்கி, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அட்மின் கணக்கைக் கொடுத்துவிட்டால் இங்கே நுழைந்தவன் அங்கேயும் போய்விடுவான்.

ஸ்னாப்ஷாட் பற்றிக் கேட்பீர்கள்: ஃபைல்கள் அந்த நொடியில் இருந்த நிலையை நாஸே பதிந்து வைத்துக்கொள்வது. பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பு முறையில் உள்ள வால்யூமில் (டிஸ்க்கில் பிரித்த சேமிப்பு இடத்தில்) மணிக்கொருமுறை ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், நொடியில் முடியும், கட்டாயம் எடுங்கள். ஆனால் அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. பெட்டி எரிந்தால் அதுவும் எரியும். இரண்டு நாஸ்களை இணைத்து ஒன்று விழுந்தால் அடுத்தது எழும்படி அமைப்பதும் அப்படித்தான். சேவை நிற்காமல் இருக்க நல்லது, அழித்த மெயிலைத் திருப்பித் தராது.

ஹைப்பர் பேக்கப்பில் வேலையை அமைத்தல்

பேக்கேஜ் சென்டரில் ஹைப்பர் பேக்கப் என்ற சினாலஜியின் பேக்கப் மென்பொருளை நிறுவித் திறந்து, கூட்டல் குறியை அழுத்திப் புதிய பேக்கப் வேலையைத் தொடங்குங்கள். சேருமிடம் கேட்கும், யூஎஸ்பி, தொலை நாஸ், கிளவுட் என எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி வேலைதான். இரண்டு யூஎஸ்பி டிஸ்க் என்றால் அதற்கும் இரண்டு. பதிப்புகளை வைத்துக்கொள்ளும் வகையை எடுங்கள். ஒரே பிரதியை மேலெழுதிக்கொண்டே போகும் வகை வேண்டாம். அழிந்த ஃபோல்டரை மறுநாள் பேக்கப்பும் 'அழிந்தது' என்றே எழுதிக்கொண்டால் என்ன பயன்?

அடுத்து ஃபோல்டர்கள் பட்டியல் வரும், அதற்கடுத்த பக்கத்தில் அப்ளிகேஷன்கள் பட்டியல். பலர் ஃபோல்டர் பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அப்ளிகேஷன் பக்கத்தில் மெயில்பிளஸ் சர்வருக்கு டிக் போடுவதுதான் உயிர்நாடி. அப்போதுதான் மெயில்களோடு டொமைன், விதிகள், மாற்றுப் பெயர்கள் எல்லாம் ஒன்றாகப் போகும். மெயில்பிளஸ், காலண்டர், காண்டாக்ட்ஸ் நிறுவியிருந்தால் அவற்றுக்கும் போடுங்கள். நாஸின் அமைப்புகளை, அதாவது பயனர்களையும் குழுக்களையும், ஹைப்பர் பேக்கப் தானாகவே சேர்த்துக்கொள்ளும்.

அப்புறம் குறியாக்கம். மெயிலில் சம்பளப் பட்டியல் இருக்கும், பான் அட்டை இருக்கும், ராஜினாமாக் கடிதம் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோகும் டிஸ்க் பேருந்தில் தொலைந்தால்? அதனால் குறியாக்கத்தை இயக்குங்கள். இதை வேலையை உருவாக்கும்போதே செய்ய வேண்டும், பின்னால் சேர்க்க முடியாது. ஒரு பாஸ்வேர்டு கேட்கும், பிஇஎம் வகையில் ஒரு சாவி ஃபைலையும் இறக்கித் தரும். பாஸ்வேர்டும் சாவியும் இரண்டுமே தொலைந்தால் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது. நல்ல டிஸ்க்கில் நல்ல பேக்கப் இருக்கும், வெறும் இரும்பாக.

சாவியை மெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளாதீர்கள். சிரிக்காதீர்கள், செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற கதைதான்.

நேரம்: தினமும் இரவு ஒரு மணி போல வையுங்கள். வாரம் ஒருமுறை பேக்கப் சரியாக இருக்கிறதா என்று அதுவே சோதித்துக்கொள்ளும் வசதி உண்டு, அதையும் ஞாயிற்றுக்கிழமைக்கு இயக்கிவிடுங்கள். யூஎஸ்பி வேலையில், பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கை வெளியேற்றும் விருப்பம் ஒன்று இருக்கும். அதைப் போட்டால் மறுபடி கையால் பிடுங்கி மாட்டும்வரை நாஸால் அந்த டிஸ்க்கைத் தொட முடியாது. கொஞ்சம் தொல்லைதான், ஆனால் வாரம் ஒருமுறை ஓடும் யூஎஸ்பி வேலைக்கு இது சரிப்படும். தினசரி ஓட்டத்தைத் தொலை நாஸுக்கோ கிளவுடுக்கோ விட்டுவிடுங்கள்.

பழைய பதிப்புகளை எவ்வளவு காலம் வைப்பது என்பதற்கு 'ஸ்மார்ட் ரீசைக்கிள்' முறையை எடுங்கள். கடந்த ஒரு நாளுக்கு மணிக்கு ஒன்று, ஒரு மாதம்வரை நாளுக்கு ஒன்று, அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கும். வெறும் பத்துப் பதிப்பு போதும் என்று வைத்தால் பத்து நாள் கடந்த தவறு போனது போனதுதான். ஜிஎஸ்டி ஃபோல்டரைத் திங்களன்றே தேடினார்கள், அதிர்ஷ்டம். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் தேடுவேன் என்பவர்கள் அதிகம்.

தோல்வி அறிவிப்பு எங்கே வர வேண்டும் என்பதையும் கவனியுங்கள். அதே மெயில் சர்வரில் உள்ள உங்கள் முகவரிக்கு வரும்படி வைத்தால், சர்வர் படுத்த அன்று 'சர்வர் படுத்துவிட்டது' என்ற மெயிலும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். வெளியில் உள்ள ஒரு முகவரியைக் கொடுங்கள்.

ஒரு தாள்

நாஸுக்குள் இல்லாத சில விஷயங்கள் இல்லாமல் மெயில் சர்வர் எழாது. இவற்றை நான் ஒரு தாளில் அச்சிட்டு, உறையில் போட்டு, யூஎஸ்பி டிஸ்க் இருக்கும் இடத்தைத் தவிர வேறிடத்தில் வைக்கச் சொல்வேன். டொமைன் வாங்கிய இடத்தின் லாகின். டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் முகவரிப் புத்தகத்தில், உள்ள எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்பது), எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மெயில் நிஜமாக உங்களிடமிருந்து வந்ததா என்று காட்டுபவை) பதிவுகள் நான்கும் எழுத்து மாறாமல். ரவுட்டரில் எந்தெந்த போர்ட் நாஸுக்குப் போகிறது. வெளியே அனுப்ப, நமக்காக மெயிலைக் கொண்டு சேர்க்கும் ரிலே சேவை பயன்படுத்தினால் அதன் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். ஐந்து பேருக்கு மேல் என்றால் வாங்கிய மெயில்பிளஸ் உரிமச் சாவிகள். நாஸ் அட்மின் பாஸ்வேர்டு, பேக்கப் பாஸ்வேர்டு.

டொமைன் கணக்கின் மீட்பு முகவரி அதே டொமைனில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் மாற்றுங்கள். மெயில் நின்ற நாளில் 'உங்கள் மெயிலுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம்' என்று திரையில் வரும்போது எவ்வளவு கோபம் வரும் என்று சொல்லி மாளாது.

கண்ட்ரோல் பேனலில் 'அப்டேட் அண்ட் ரீஸ்டோர்' பகுதியிலிருந்து நாஸ் அமைப்புகளை டிஎஸ்எஸ் என்று முடியும் சின்ன ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம். அதையும் மாதம் ஒன்று எடுத்து லேப்டாப்பில் வைத்திருங்கள்.

ஒத்திகை

முதல் பேக்கப் முடிந்த வாரமே இதைச் செய்யுங்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பழைய சினாலஜி பெட்டி ஒன்று சும்மா கிடந்தால் அதில் செய்யலாம். இல்லையென்றால், உங்கள் மாடல் ஆதரித்தால், விர்ச்சுவல் மெஷின் மேனேஜர் என்ற பேக்கேஜில் விர்ச்சுவல் டிஎஸ்எம் ஒன்றை, அதாவது டிஎஸ்எம் என்ற சினாலஜி இயங்குதளம் ஓடும் கற்பனைப் பெட்டி ஒன்றை, ஏற்றலாம்; ஒரு உரிமம் இலவசமாகவே வருகிறது.

ஒத்திகைப் பெட்டியை இணையத்திலிருந்து துண்டித்த பிறகே மெயில்பிளஸ் சர்வரை மீட்டெடுங்கள். மீண்டு எழும் சர்வருக்குத் தான் ஒத்திகை என்று தெரியாது. வரிசையில் நின்ற மெயிலை மறுபடி அனுப்பப் பார்க்கும், வெளிக் கணக்குகளிலிருந்து மெயிலை இழுக்கும் அமைப்பு இருந்தால் அதையும் தொடங்கிவிடும்.

எழுந்ததும் மூன்று பேரின் பெட்டியைத் திறந்து, உண்மையான சர்வரோடு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மிகப் பழைய மெயில் ஒன்று, பெரிய இணைப்புள்ள மெயில் ஒன்று, தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர் ஒன்று: இவை மூன்றும் திறந்தால் பெரும்பாலும் மற்றவையும் திறக்கும். ஆரம்பத்திலிருந்து இதுவரை எவ்வளவு நேரமானது என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள். 'எப்ப சரியாகும்?' என்று முதலாளி கேட்கும்போது சொல்ல ஒரு எண் இருக்கும்.

ஜிஎஸ்டி ஃபோல்டரை மீட்டதும் இந்த வழியில்தான். வெள்ளி இரவுப் பதிப்பை ஒத்திகைப் பெட்டியில் எழுப்பினேன். லேப்டாப்பில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளைத் திறந்து, அதே நபரின் கணக்கை இரண்டு முறை சேர்த்தேன். ஒன்று உண்மையான சர்வருக்கு, ஒன்று ஒத்திகைப் பெட்டிக்கு. பிறகு ஃபோல்டரை ஒத்திகைப் பெட்டியிலிருந்து உண்மையான சர்வருக்கு இழுத்துப் போட்டேன். நாலாயிரத்துச் சொச்சம் மெயில்கள், காபி குடித்து வருவதற்குள் ஏறிவிட்டன. உண்மையான சர்வரிலேயே முழுதாக மீட்டிருந்தால் மற்ற எல்லோருக்கும் சனி, ஞாயிறு வந்த மெயில்கள் காணாமல் போயிருக்கும். ஒருவருடைய ஒரு ஃபோல்டருக்காக முழு மீட்பை அழுத்தாதீர்கள்.

பெட்டி மொத்தமாகப் போன நாளில்

முதல் வேலை ரவுட்டரில். வெளி மெயில் உள்ளே வரும் 25ஆம் போர்ட்டை மூடுங்கள், போனும் லேப்டாப்பும் மெயிலை எடுக்கும் 993ஐயும் மூடுங்கள். பிறகுதான் புதிய பெட்டியை மாட்ட வேண்டும்.

அவசரத்தில் இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் மெயில் உலகில் கதவு மூடியிருப்பது பெரிய குற்றமில்லை. எதிர்ப்பக்கத்து சர்வர் 'இப்போது ஆள் இல்லை, பிறகு வருகிறேன்' என்று தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் எஸ்எம்டிபி முறையின் விதியே நான்கைந்து நாள் முயலச் சொல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வைத்திருக்கும். அதற்குப் பதிலாக, பாதி அமைத்த சர்வர் கதவைத் திறந்து 'அப்படி ஒரு முகவரியே இங்கே இல்லை' என்று சொல்லிவிட்டால் அது இறுதிப் பதில். மெயில் அந்த நொடியே அனுப்பியவருக்குத் திரும்பிவிடும், வாடிக்கையாளர் நீங்கள் கடையை மூடிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

993ஐ மூடுவது ஊழியர்களின் போனுக்காகவும் லேப்டாப்புக்காகவும். அவற்றில் இருக்கும் மெயில்கள் சர்வரின் நிழல். சர்வர் காலியாக எழுந்தால் நிழலும் காலியாகும். பேக்கப் ஒருநாள் பழையது என்றால் அந்த ஒருநாள் மெயில் யாராவது ஒருவரின் அவுட்லுக்கில்தான் மிச்சமிருக்கும். அதை இழக்க வேண்டாம். லேப்டாப்களை நெட்டிலிருந்து கழற்றி வைக்கச் சொல்லி ஒரு சுற்று வாருங்கள். உள்ளூர் வைஃபையில் இருப்பவர்களை ரவுட்டரின் போர்ட் தடுக்காது.

இனி வரிசை. புதிய நாஸில் டிஎஸ்எம் பழையதைவிடக் கீழான பதிப்பாக இருக்கக் கூடாது. வால்யூம் உருவாக்கி, ஹைப்பர் பேக்கப்பை நிறுவி, மீட்பு என்பதில் ஏற்கெனவே இருக்கும் பெட்டகத்திலிருந்து மீட்கும் வழியை எடுங்கள். பாஸ்வேர்டு அல்லது சாவி கேட்கும், தாள் கையில் இருக்கிறது. நாஸ் அமைப்புகளை மீட்டு, பயனர்கள் வந்துவிட்டார்களா என்று பார்த்த பிறகு மெயில்பிளஸ் சர்வர். அதற்கப்புறம் மற்ற பேக்கேஜ்கள். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ், அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்டுடையது என்றால் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம், அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

உள்ளிருந்து உள்ளே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். வந்தால் 25ஐத் திறங்கள். வெளி முகவரி ஒன்றிலிருந்து அனுப்பி, டிகிம் தேறுகிறதா என்று ஒரு பதிலும் போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால், லேப்டாப்பில் மிச்சமிருக்கும் மெயில்களைத் தண்டர்பேர்டோ அவுட்லுக்கோ கொண்டு நெட் இல்லாமலே உள்ளூர் ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு, கடைசியாக 993ஐத் திறங்கள். காத்திருந்த மெயில்கள் ஒரே நேரத்தில் வராது. ஒவ்வொரு சர்வரும் தன் இடைவெளிப்படி முயல்வதால் சில மணி நேரம் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கும்.

புதிய நாஸுக்குப் பழைய பேக்கப் வேலை தெரியாது. ஹைப்பர் பேக்கப்பில் அதே பெட்டகத்தோடு மறுபடி இணைத்து, நேரத்தையும் அறிவிப்பு முகவரியையும் போட்டு, அன்றிரவு ஓட்டத்தைக் கையால் ஒருமுறை தொடங்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.